காற்றுக்குக் காசில்லையா?

2015 ஜனவரி 31, அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஆலைக்குள் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தனர். பக்கத்திலே தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம். அங்கே கழிவுச்சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு வெள்ளமாக ஆலைக்குள் புகுந்தது. பத்துப் பேர் விழித்தெழவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

2025 ஜனவரி 30, டில்லி. பாலாற்றுப் படுகையைத் தோல் ஆலைக் கழிவு நாசமாக்கிய வழக்கிலே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டிய நஷ்ட ஈட்டில் பாக்கியிருப்பதைச் சர்க்கார் முதலில் கொடுக்க வேண்டும், பிறகு அதை மாசு செய்த ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைக்க வேண்டும் என்றது.

அந்தச் சாவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவு. வழக்கு வேறு, விபத்து வேறு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் ஏட்டிலே வேறுதான். ஆனால் ஆற்றைக் கெடுத்ததும் அந்தக் கழிவு, ஆளைக் கொன்றதும் அந்தக் கழிவு. ஆகவே நாம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறோம்.

நீண்ட வழக்கின் கதை

இந்த வழக்கின் வயது என்ன? 1991இலே வேலூர்ப் பகுதி மக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டியது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு தீர்ப்பளித்தது. மாசு செய்தவனே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்திலே ஓர் அங்கம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. தோல் ஆலைப் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்பதும் அதிலேயே இருக்கிறது.

அதன்பின் நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 2001இல் அது வேலூர் வட்டாரத்தில் சுமார் 29 ஆயிரம் பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டு, ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாயை ஆலைகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. வகுத்துப் பாருங்கள், தோழர்களே! தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். நிலமும் கிணறும் போனவனுக்கு ஒன்பதாயிரம்! அந்தத் தொகையிலும் பாக்கி உண்டா, உண்டென்றால் கொடு என்று 2025இலும் ஒரு கோர்ட் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், நீதி நடந்தே வருகிறது, அதுவும் நொண்டி நொண்டி வருகிறது என்றுதான் பொருள்.

இதற்கிடையே வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிந்தது, கழிவு பிரியவில்லை.

நஷ்ட ஈட்டுப் பேச்சு நடக்கட்டும், நடக்கவும் வேண்டும். ஆனால் நாளைக் காலையிலும் ஆலை ஓடும், நாளைக்கும் கழிவுநீர் வரும். அதை என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்டாலே முதலாளிமார் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "ஆறு வேண்டுமா, வேலை வேண்டுமா? இரண்டும் கிடைக்காது!" இந்தப் பதில் உண்மையா, பொய்யா என்பதைத்தான் இன்று ஆராயப் போகிறோம். அதற்கு ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வோம். குரோமியத்தைப் பற்றியும் உப்பைப் பற்றியும் பலரும் பேசிவிட்டார்கள். அவ்வளவாக யாரும் பேசாத நைட்ரஜனை எடுத்துக்கொள்வோம்.

உரம் எப்படி விஷமாகிறது?

தோல் ஆலையில் வேலை செய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். மயிர் நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் போடுகிறார்கள். அங்கே மயிரும் தோலின் சில புரதங்களும் கரைகின்றன. புரதம் என்றாலே அதில் நைட்ரஜன் உண்டு. பிறகு தோலில் ஏறிய சுண்ணாம்பை எடுக்க வேண்டும். அதற்கு டிரம்மிலே அம்மோனியம் சல்பேட் கொட்டுகிறார்கள். விவசாயி மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் போடுகிறானே, அதே அம்மோனியம் சல்பேட்தான். டிரம்மில் அதன் வேலை சொற்ப நேரம். முடிந்ததும் அத்தனையும் சாக்கடைக்கு வருகிறது.

உரந்தானே, ஆற்றுக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். பயிரின் வேரிலே அளவோடு போனால் உரம். தண்ணீரிலே அளவு மீறிப் போனால் அம்மோனியா மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவையும் அது தின்றுவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுதாக மாறுவதற்கு நாலரைக் கிராமுக்குச் சற்று மேல் பிராணவாயு வேண்டும். அந்தப் பிராணவாயுவை ஆலையின் தொட்டியிலே கொடுக்காவிட்டால், ஆறு கொடுக்க வேண்டியிருக்கும். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு எங்கே போய்க் கொடுக்கும்? வெள்ளம் ஓடும் ஆறானால் கழிவைக் கலக்கி, நீர்த்துப்போகச் செய்து, கடலுக்குத் தள்ளும். பாலாற்றிலே விட்டது மணலில் இறங்கும். மணலில் இறங்கியது கிணற்றில் ஏறும்.

கிணற்றில் ஏறுகிற நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது இன்னும் செறிவாகும். புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தையின் வயிற்றில் அது போனால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும். 1945இலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாக்டர் ஒருவர், கிணற்று நீரே இதற்குக் காரணம் என்று எழுதினார். அதனால்தான் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய நிர்ணயமும் சொல்கிறது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கிணற்று நைட்ரேட்டுக்குத் தோல் ஆலை மட்டுமே பொறுப்பு என்று நாம் வாதாடவில்லை. அளவின்றிப் போடும் உரமும் பொறுப்பு, திறந்து விட்ட ஊர்ச் சாக்கடையும் பொறுப்பு. ஆனால் மற்றவனும் குற்றவாளி என்பதால் எந்தக் குற்றவாளியும் விடுதலையாவதில்லை.

இரண்டு ஷிப்டு வேலைக்காரர்கள்

சரி, இந்த நைட்ரஜனைப் போக்க வழி உண்டா? உண்டு. இன்று நேற்றுக் கண்டதல்ல. ருஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மோனியாவை உண்டு வாழும் நுண்கிருமிகளைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1914இல் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், சாக்கடை நீரில் காற்றை ஊதி, அடியில் படியும் சேற்றைக் கொட்டிவிடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தினால் நீர் விரைவாகச் சுத்தமாகிறது என்று கண்டார்கள். அந்தச் சேறு வெறும் சேறல்ல. கோடிக்கணக்கான கிருமிகளின் கூட்டம். ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையங்களில் நுரை பொங்கச் சுழலும் தொட்டி இருக்கிறதே, அது இந்த முறையில்தான் ஓடுகிறது.

அந்தத் தொட்டியில் இரண்டு ஷிப்டு உண்டு. முதல் ஷிப்டுக் கிருமிகளுக்குக் காற்று வேண்டும். அவற்றில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டாம் ஷிப்டுக் கிருமிகள் வேறு ஜாதி. அவற்றின் தொட்டியில் காற்று நுழையக்கூடாது. சுவாசிக்கக் காற்று கிடைக்காததால் அவை நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை உருவி எடுத்துக்கொள்ளும். எஞ்சும் நைட்ரஜன் குமிழி குமிழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். நாம் மூச்சு வாங்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். வந்த இடத்துக்கே திரும்புகிறது, அவ்வளவுதான்; யாருக்கும் கெடுதியில்லை.

முதல் ஷிப்டுக் கிருமி கேட்பது என்ன? நான்கே கோரிக்கைகள்: காற்று, காலம், காரம், காவல்.

காற்று என்றால் புளோயர் இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்டுச் செலவு மிச்சம் என்று இரவிலே நிறுத்தினால் கிருமி மூச்சு முட்டும்.

காலம் என்றால், இந்தக் கிருமி மெதுவாகப் பெருகும் இனம். சாதாரணச் சாக்கடைக் கிருமி அரை மணி நேரத்தில் இரண்டாகும். இதற்கு ஒரு நாள் வரைகூட ஆகும். அது பெருகும் வேகத்தைவிட வேகமாகச் சேற்றை வெளியே தள்ளினால் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது. தொட்டியின் சக்திக்கு மேல் கழிவுநீரைத் திணித்தாலும் இதே கதிதான்.

காரம் என்றால், ஒரு கிராம் நைட்ரஜனை மாற்றும்போது ஏழு கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான காரம் கரைகிறது. அதை ஈடுகட்டாவிட்டால் நீர் புளித்து, கிருமி வேலையை நிறுத்திவிடும்.

காவல் என்றால் விஷத்திலிருந்து காவல். சல்பைடும் குரோமியமும் வந்தால் இந்தக் கிருமிதான் முதலில் சாகும். உப்பு திடீரென்று ஏறினாலும் தளர்ந்துபோகும். ஆகவே சல்பைடு நீரை முதலிலேயே தனியாகப் பிரித்துக் காற்றூட்டி அடக்க வேண்டும். குரோம் நீரைத் தனிக் குழாயில் பிரித்துக் குரோமியத்தை மீட்க வேண்டும். ஒரு நாள் கவனக்குறைவால் செத்த கிருமிக் கூட்டம் மறுபடி தழைக்க வாரக்கணக்கில் ஆகும்.

கேட்டீர்களா, தோழர்களே? சுவாசிக்கக் காற்று, வேலைக்கேற்ற நேரம், உழைத்தால் இழப்பதற்கு ஈடு, விஷத்திலிருந்து பாதுகாப்பு. கண்ணுக்குத் தெரியாத கிருமி கேட்பதும் இவைதாம். கண்ணுக்குத் தெரிகிற தொழிலாளி கேட்பதும் இவைதாம். ஒருவருக்கு மறுக்கிறவன் மற்றவருக்கும் மறுக்கிறான்!

பாதி வேலை, முழு ஆபத்து

இங்கே ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். முதல் ஷிப்டை மட்டும் நடத்திவிட்டு, "பாருங்கள், அம்மோனியா இல்லை!" என்று காகிதத்தை நீட்டலாம். அம்மோனியா இருக்காதுதான். அது நைட்ரேட்டாக வேஷம் மாறியிருக்கும். நைட்ரஜன் ஒரு கிராமும் குறைந்திருக்காது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது நிர்ணயப்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு அம்மோனியா நைட்ரஜன் 50 மில்லிகிராமுக்கும், நைட்ரேட் நைட்ரஜன் 10 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது. நைட்ரஜனாக எடை போட்டால் 10. நைட்ரேட்டாகவே எடை போட்டால் அது ஏறத்தாழ 45. குடிநீருக்குச் சொன்ன அதே அளவுதான். ஆகவே பரிசோதனைக் காகிதத்தைப் பார்க்கிறவர் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஷிப்டு வீண் செலவா? இல்லை. அந்தக் கிருமிகள் நைட்ரேட்டின் பிராணவாயுவைக் கொண்டே கழிவிலுள்ள மற்ற அழுக்கையும் எரித்துவிடுகின்றன. முதல் ஷிப்டுக்குக் கொடுத்த பிராணவாயுவில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பக் கிடைக்கிறது. இழந்த காரத்திலும் பாதி திரும்புகிறது. கணக்குத் தெரிந்த முதலாளிக்கு இரண்டாம் ஷிப்டு வரவாகத்தான் தெரியும். கணக்குத் தெரியாதவனுக்குத்தான் அது செலவு.

இன்னொரு பதிலும் உண்டு: "எங்கள் நிலையத்தில் ஒரு சொட்டும் வெளியே போவதில்லை, எல்லாவற்றையும் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சிவிடுகிறோம்." பாலாற்றங்கரையின் பொது நிலையங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு வந்திருப்பது முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆனால் சவ்வுக்கு முன்னாலே கிருமித் தொட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் சவ்வு அடைத்துக்கொள்ளும். காய்ச்சும் கொப்பரையில் போகிற அம்மோனியா ஆவியோடு எழுந்து, குளிர்ந்த நீரோடு திரும்பி வந்து நிற்கும். பின்னாலே எவ்வளவு விலையுயர்ந்த யந்திரம் இருந்தாலும், முன்னாலே கிருமி உழைத்தே தீர வேண்டும்.

26 காசுக் கணக்கு

இப்போது, "கட்டுப்படியாகாது" என்ற வாதத்துக்கு வருவோம். கணக்கை நாமே போடுவோம். படிக்கிற தோழரும் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்பது 1996 தீர்ப்பிலேயே உள்ள கணக்கு. அந்த நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று வைப்போம். 35 லிட்டரில் 7 கிராம். அதை மாற்ற 32 கிராம் பிராணவாயு வேண்டும். சுமாரான புளோயர்கூட ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு கிலோ பிராணவாயுவையாவது நீரில் கரைக்கும். யூனிட் 8 ரூபாய் என்றே வைப்போம். என்ன வருகிறது? ஒரு கிலோ தோலுக்கு 26 காசு!

இது அம்மோனியாவுக்கு ஊதும் காற்றின் செலவு மட்டுந்தான். மற்ற அழுக்குக்கும் காற்று வேண்டும்; காரம், சேறு அகற்றல், தொட்டி, யந்திரம், ஆள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. உப்பை நீக்குவதுதான் பெருஞ்செலவு. இவற்றை மறைத்துவிட்டு 26 காசில் ஆறு சுத்தமாகிவிடும் என்று சொன்னால் நாமும் பொய்யராவோம். ஆனால் புளோயரை நிறுத்தி மிச்சம் பிடிப்பது எவ்வளவு அற்பக் காசு என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. அந்த அற்பக் காசுக்காக ஒரு கிணறு, ஒரு வயல், ஒரு பச்சைக் குழந்தை!

சிறு ஆலைக்காரர்களின் கஷ்டமும் நமக்குத் தெரியாமல் இல்லை. விலையை நிர்ணயிப்பது ஆம்பூர் அல்ல. கடல் கடந்த நாட்டிலே செருப்பும் பையும் வாங்கி விற்கும் பெரிய கம்பெனிகள். அவர்கள் சுத்தமான தோல் வேண்டும் என்பார்கள். சுத்தத்துக்கான விலையைக் கொடுக்கச் சொன்னால் முகம் திருப்பிக்கொள்வார்கள். அந்த நெருக்கடியைச் சிறு முதலாளி ஆற்றின் தலையிலும் தொழிலாளியின் தலையிலும் இறக்கிவைக்கிறார். மேலே இருக்கும் கம்பெனியிடம் பேச முடியாததால் கீழே இருப்பவனிடம் காட்டும் வீரம் இது!

வராமல் தடுப்பதே மலிவு

வந்த நைட்ரஜனைப் போக்குவது ஒரு வழி. வராமலே தடுப்பது அதைவிட நல்ல வழி. அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்திச் சுண்ணாம்பை நீக்கும் முறை தோல் தொழிலில் பல்லாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கனத்த மாட்டுத் தோலில் அது மெதுவாகத்தான் இறங்கும். மெல்லிய ஆட்டுத் தோலுக்கு நன்றாகவே பொருந்தும். மயிரைக் கரைத்துவிடாமல் முழுதாகக் கழற்றி, வடிகட்டி எடுக்கும் முறையும் உண்டு. அப்போது அந்த மயிரின் நைட்ரஜன் கழிவுநீருக்கு வராது. சென்னையில் 1948இலே தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், சுண்ணாம்பும் சல்பைடும் குறைந்து, நொதிப்பொருள் கொண்டு மயிர் நீக்கும் முறைகளை ஆராய்ந்து தந்திருக்கிறது. ஆராய்ச்சி அடையாற்றில் இருக்கிறது. டிரம் வாணியம்பாடியில் இருக்கிறது. நடுவிலே உள்ள இருநூறு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை ஆண்டு வேண்டும்?

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். தோலில் சல்பைடு மிச்சமிருக்கும்போது கரியமில வாயுவைச் செலுத்தினால் டிரம்மிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற கொலைகார வாயு எழும். சல்பைடை முன்பே கழுவி, மாற்றி, காற்றோட்டம் செய்துகொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். புது முறை என்று சொல்லித் தொழிலாளியைச் சோதனை எலியாக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.

வெளிநாட்டிலே இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அம்மோனியாவில் ஒரு பகுதியை மட்டும் நைட்ரைட்டாக்கி, மிச்ச அம்மோனியாவை அந்த நைட்ரைட்டோடு சேர்த்து நேரே நைட்ரஜன் வாயுவாக்கும் கிருமி ஒன்று உண்டு. அனமாக்ஸ் என்று அந்த முறைக்குப் பெயர். 1990களில் நெதர்லாந்தில் அதைக் கண்டார்கள். 2002இல் ராட்டர்டாம் நகரத்துச் சாக்கடை நிலையத்தில் பெரிய அளவில் கட்டினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே நாட்டில் லிஹ்டன்வோர்டே என்ற ஊரில் தோல் ஆலைக் கழிவுநீருக்கே அதைக் கட்டினார்கள். காற்றுச் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். இந்தக் கிருமிக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பிடிக்கும். குளிர் நாட்டுக்காரன் அதற்காகத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். வேலூர் வெயில் நமக்கு அதை இனாமாகத் தருகிறது! நம் கழிவில் உப்பு அதிகம், சல்பைடு அதிகம். அப்படியே பெயர்த்து வைத்துவிட முடியாது. ஆனால் முயன்று பார்த்து முடியாது என்பது வேறு, முயலாமலே முடியாது என்பது வேறு.

தொட்டிக்குள் இறங்காதீர்!

இப்போது நம் தொழிலாளத் தோழர்களிடம் நேராக ஒரு வார்த்தை. கழிவு நிலையத்தில் மிகக் கொடிய இடம் சேறு தேங்கிய தொட்டி. காற்றில்லாமல் கிடக்கும் சேற்றிலே ஹைட்ரஜன் சல்பைடு ஊறி நிற்கும். கிளறினால் ஒரே மூச்சில் எழும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே அது கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவன்தான் சாவான். அவனைத் தூக்க இறங்குபவனும் சாவான். ஆலைத் தொட்டிகளில் வாயுவை அகற்றாமல், சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 36ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. சட்டம் எழுதினவன் கையில் பேனா. இறங்குகிறவன் கையில் வாளி. மேஸ்திரி சொன்னாலும், முதலாளி சொன்னாலும், இரட்டைக் கூலி தந்தாலும், இறங்காதீர்கள்!

சேற்றைத் தேக்கிவைப்பதே தவறு. கிருமி உழைத்தால் சேறு நாள்தோறும் வளரும்; மிகுதியை நாள்தோறும் எடுத்து, பிழிந்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பச் செலவாகும் என்று தொட்டியிலே ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் சுவர் தாங்காது. ராணிப்பேட்டையில் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவர்களுக்கு அதன் மறுபக்கம் எவ்வளவு சேறு நிற்கிறது என்று சொல்வார் இருந்தாரா?

நாம் கேட்பது என்ன?

தீர்ப்பு குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும் என்கிறது. அந்த இடம் பெயருக்கு ஒரு நாற்காலியாகப் போய்விடக்கூடாது. ஆலையில் உழைக்கிறவரின் குரலும், கிணறு கெட்ட விவசாயியின் குரலும் அங்கே கேட்க வேண்டும்.

ஒன்று: ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் ஒரு பலகை. உள்ளே வந்த அம்மோனியா எவ்வளவு, வெளியே போன அம்மோனியா எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று நாள்தோறும் தமிழிலே எழுதிப் போடட்டும்.

இரண்டு: புளோயருக்குத் தனி மீட்டர். பரிசோதனைக்கு எடுக்கும் பாட்டில் தண்ணீரை மாற்றலாம். எழுதும் எண்ணை மாற்றலாம். ராத்திரி புளோயர் ஓடியதா என்பதை மீட்டர் சொல்லிவிடும். அந்த மீட்டரைப் படிக்கத் தொழிலாளர் பிரதிநிதிக்கு உரிமை வேண்டும். ஏட்டைவிட மீட்டர் நம்பத்தக்க சாட்சி.

மூன்று: எடுத்த சேறு எத்தனை டன், எங்கே போயிற்று என்ற கணக்கு. தொட்டிச் சுவரின் பலத்தை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். தொட்டியின் நிழலிலே எவரையும் படுக்கவைக்கக்கூடாது.

நான்கு: அம்மோனியம் உப்பைக் குறைக்கும் முறைக்கு மாறச் சிறு ஆலைகளுக்குச் சர்க்கார் கடனுதவி. பெரிய ஆலைக்கும், அதனிடம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் அதில் பங்கு.

ஐந்து: விதியை மீறியதற்காக ஆலையை மூடினால், மூடிய நாளுக்கெல்லாம் தொழிலாளிக்கு முழுக் கூலி. புளோயரை நிறுத்தச் சொன்னவன் வேறு. பட்டினி கிடப்பவன் வேறு. இந்த ஒரு கோரிக்கை நிறைவேறினாலே "ஆறா, வேலையா?" என்று மிரட்டும் கத்தியின் முனை மழுங்கிவிடும்.

ஆம், அது மிரட்டல்தான். ஆற்றுக்கும் ஆலைக்கும் ஜன்மப் பகை ஒன்றும் கிடையாது. தண்ணீர் இருந்ததால்தான் பாலாற்றங்கரையிலே தோல் தொழில் வேர் பிடித்தது. தண்ணீர் கெட்டால் ஆலைக்கே தண்ணீரில்லை. பகலிலே ஆலையில் உழைக்கிற பெண் மாலையிலே குடத்தோடு குழாயடியில் நிற்கிறாள். அவளிடம் போய், நீ தொழிலாளியா, குடிநீருக்கு அலைபவளா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று கேட்பது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

தோழர்களே! இன்று இரவு வேலை முடிந்து சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கமாக நடக்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். புளோயர் ஓடும் ஓசை கேட்கிறதா? கேட்டால், கோடிக்கணக்கான கிருமிகள் நமக்காக ராத்திரி ஷிப்டு பார்க்கின்றன என்று அறியுங்கள். கேட்கவில்லையா? மறுநாள் காலை வாசலிலே பத்துப் பேராக நின்று, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். முப்பது ஆண்டுத் தீர்ப்புகள் சாதிக்காததை அந்தக் கேள்வி சாதிக்கும். கிருமிக்கு வாய் இல்லை, நமக்கு இருக்கிறது.